ஊதுகிற படிப்பு

ஜன்னல் வைக்காத வீடு, பூச்சு வேலை முடியாத சுவர், தரைக்குக் கல் பதிக்காத கூடம். இந்த மூன்றும் சேர்ந்த இடம் கிடைத்துவிட்டால் தாரணிக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது. கொத்தனார்கள் வந்து சேர்வதற்கு முன்பே மொபெட்டை மணல் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, முதுகில் மாட்டிய நீளப் பெட்டியோடு உள்ளே நுழைகிறாள். கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டுகிறாள். பிறகு படுக்கையறையில், பிறகு சமையலறையில். எந்த அறை அந்தத் தட்டலை நன்றாகத் திருப்பித் தருகிறதோ அதன் நடுவே நின்று பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே இருப்பது டிராம்போன் என்கிற பித்தளைக் குழல். அதில் அமுக்க ஒரு பொத்தான் கிடையாது, மூட ஒரு துளை கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாயை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும்தான் சுரம் பிடிக்க வேண்டும். மைசூர்ப் பிள்ளைகள் அதற்கு இழுப்புப் பீப்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அப்பா சென்னிமலை மேஸ்திரி. விஜயநகரிலும் குவெம்புநகரிலும் புதிதாக எழும்பும் வீடுகளில் ஏதாவது ஒன்றாவது எப்போதும் அவர் கையில் இருக்கும். பால் காய்ச்சியதும் ஒரு வீடு கைவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் அதற்குள் அடுத்த வீட்டுக்குக் கூரை போட்டிருப்பார்கள். புதுச் சிமெண்டு வாசனை இல்லாவிட்டால் தனக்குக் கீழ் சுரம் சரியாக வராது என்று தாரணி சொல்லிக்கொள்வாள். இதை நம்புவதும் நம்பாததும் கேட்பவர் பாடு.

ஒருநாள் வீட்டுச் சொந்தக்காரரான கன்னடப் பெரியவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்துவிட்டார். உள்ளே இருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். யாரோ சங்கு ஊதி வீட்டுக்குத் திருஷ்டி கழிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். விஷயம் தெரிந்த பிறகும் அவர் மனம் மாறவில்லை. கிருகப்பிரவேசத்துக்கும் இதே பெண் வந்து இதே அறையில் ஊதியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்படித்தான் தாரணியின் பிழைப்பில் கிருகப்பிரவேசமும் சேர்ந்தது.

வேலைக்கு வரும் சித்தாள் பெண்கள் சாந்துச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து கேட்பார்கள். புதிதாக வந்த யாராவது, "உள்ள யாருங்க மேஸ்திரி?" என்று கேட்டால் சென்னிமலை வானத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வார்.

"நம்ம புள்ளைதானுங்க. வயரிங் பாக்க வந்துருக்குது. கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைங்கல்ல."

அந்தச் சத்தத்துக்கும் வயரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மேஸ்திரியிடம் அவ்வளவு மரியாதை.

தாரணி படித்தது கம்ப்யூட்டர் அல்ல. ஜாஸ். அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இசை அது. பாட்டின் எலும்பு மட்டும் கையில் இருக்கும். சதையை வாசிப்பவர்கள் அந்த நிமிடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே கட்ட வேண்டும். இதற்கென்று ஒரு பல்கலைக்கழகத்தில் துறை உண்டு, பேராசிரியர்கள் உண்டு, பரீட்சை உண்டு, முடிவில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு பட்டம் வாங்குவதும் உண்டு என்று மைசூரில் ஒருவரை நம்பவைப்பது கஷ்டம். சொந்த ஊரான ஹனூரில் நம்பவைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அவள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு பேண்டு இருந்தது. மற்றப் பெண்கள் புல்லாங்குழலையும் கிளாரினெட்டையும் எடுத்துக்கொண்டு போன பிறகு மூலையில் டிராம்போன் மட்டும் மிஞ்சியது. பேண்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் பெனடிக்டா வரிசையில் இருந்த பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்து, எல்லோரையும்விடக் கை நீளமாக இருந்த தாரணியிடம் அதைக் கொடுத்தார். திறமையைப் பார்த்தெல்லாம் கொடுக்கவில்லை. திறமை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவுக்குப் போனதும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சாக்ஸபோனுக்கும் கித்தாருக்கும் ஓடிவிட்டதால் டிராம்போனுக்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் ஒரு கேசட்டில் பதிவுசெய்து அனுப்பிவைக்க, படிப்புச் செலவு எங்களுடையது, பெண்ணை அனுப்புங்கள் என்று பதில் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் சென்னிமலை கை கால் கழுவிக்கொண்டு வந்து, "படிப்புன்னுதான சொல்றாங்க. போய்ட்டு வா கண்ணு" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர், ஒரே மகளைக் கடல் தாண்டி அனுப்பும்போது சொன்னது இந்த ஒரு வரிதான். தாரணி அதை இன்றைக்கு வரை மறக்கவில்லை.

பொய் அதற்குப் பிறகுதான் பிறந்தது. உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்று சென்னிமலை ஊருக்குப் புறப்பட்டார். கொள்ளேகால் பஸ் நிலையத்திலேயே எதிர்ப்பட்டார் மைத்துனர் கருப்புசாமி. தாரணியின் அம்மா நாச்சம்மாளுக்கு அண்ணன், பட்டு நூல் வியாபாரி, சொந்தத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அமெரிக்காவுக்காமா புள்ளைய அனுப்பறே? என்ன படிப்பு மாப்ள?"

ஊதுகிற படிப்பு என்று சொன்னால் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும் என்று சென்னிமலைக்குத் தெரியும். நம்ம வீட்டு விசேஷத்துக்கு ஊதுகிறவர்களை நாம்தானே வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுகிறோம், நம்ம பிள்ளையே போய் ஊதுவதா என்பார் கருப்புசாமி. பஸ் நிலையத்தில் இருப்பவர்கள் எல்லாம் கேட்க, உரக்கச் சொல்வார். எதிரே ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தின் பலகையில் புதிதாக ஒரு சொல்லை எழுதி வைத்திருந்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டு போனார்கள். அதையே பிடித்துக்கொண்டு, "கம்ப்யூட்டருங்க மச்சான்" என்று சொல்லிவிட்டார். சென்னிமலை ஹனூர் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய் இறங்குவதற்குள் அந்தச் சொல் அவருக்கு முன்னால் போய் இறங்கியிருந்தது.

தாரணி பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அந்தச் சொல் மைசூருக்கும் வந்து சேர்ந்து, தெருவே அவளுக்காகக் காத்திருந்தது. எந்தக் காலேஜில் சேரலாம் என்று கேட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஃப்ளாப்பியைக் கொண்டுவந்து, இதில் ஜாதகம் இருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லம்மா என்றார். அப்பா வேலை பார்த்த இடத்தில் இன்ஜினியரின் கம்ப்யூட்டர் உயிர்விட்டுப் போக, அவசரமாக இவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுற்றி எல்லோரும் நிற்க, என்ன செய்வது என்று தெரியாமல் மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பிளக் கழன்று கிடந்தது. செருகிவிட்டு எழுந்தாள். திரை வெளிச்சமானதும் அங்கிருந்தவர்கள் விட்ட பெருமூச்சில் அவள் புகழ் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம்.

கம்ப்யூட்டர் படித்த பெண் ஏன் வேலைக்குப் போகாமல் பீப்பியைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று தெருவில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அமெரிக்காவில் படித்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போல என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் அவள் போகாத வேலை இல்லை. ஜாஸ் படித்தால் என்ன உத்தியோகம் என்று முதல் வகுப்பிலேயே ஒரு மாணவன் கேட்டானாம். "இந்தப் படிப்புக்கு ஒரு வேலை கிடைக்காது. ஆறு வேலை கிடைக்கும். ஆறையும் செய்தால் ஒரு ஆள் சாப்பிடலாம்" என்றாராம் பேராசிரியர். அவளோடு படித்தவர்களில் ஒருவன் சுற்றுலாக் கப்பலில் வாசிக்கிறான். ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். ஒருவன் சோப்பு விளம்பரங்களுக்கு மெட்டுப் போடுகிறான். ஒருவன் ஒடுங்கிப்போன பித்தளை வாத்தியங்களைத் தட்டி நிமிர்த்துகிறான். அவனைத் தேடிப் பெரிய பெரிய வித்துவான்கள் எல்லாம் வருகிறார்களாம். இன்னொருத்தி மேலே சட்டம் படித்து, பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்ற வழக்குகளை நடத்துகிறாள். தாரணிக்கு இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பமே வரவில்லை. கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டாள்.

சரஸ்வதிபுரத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறாள். தப்பு வந்ததும் உதட்டைக் கடிக்கும் பிள்ளைகளிடம் கன்னடம் கலந்த தமிழில் அவள் சொல்வது ஒன்றுதான். "பர்வாகில்ல கண்ணு. தப்பு காதுக்கு மட்டும்தான் கேட்டுச்சு. நீ மூஞ்சியில காட்டுனா கண்ணுக்கும் தெரிஞ்சிரும். சும்னே முன்னால போ." அம்மாக்கள் இதை அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டு, தங்கள் சாம்பாருக்கும் பொருத்திப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம் தேவராஜ மொஹல்லா. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், வாழையிலைக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே ஜடையனின் பேண்டு செட் இருக்கிறது. கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கிறவர்கள். தாரணி முதன்முதலில் போய் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றபோது ஜடையன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொம்பளைக்குக் கோட்டு இல்லீங்களே" என்றார். வேறு தடை அவருக்கும் தோன்றவில்லை. பெரிய மேளக்காரரின் பழைய சிவப்புக் கோட்டைக் கொடுத்தார்கள். ஜரிகை வைத்த அந்தக் கோட்டுக்குள் இன்னொரு தாரணி இருக்க இடம் உண்டு. கையை மடித்துவிட்டுக்கொண்டு அதிலேயே வாசிக்கிறாள்.

அதுவரை அந்தச் செட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் ஊதுவார்கள். சத்தம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். தாரணி அதில் கைவைத்தாள்.

"ஜடையண்ணா, எல்லாரும் ஒரே வழியில ஓடுனா எப்படி? நீங்க மேல போங்க. கிளாரினெட் அண்ணன் நடுவுல வரட்டும். நான் கீழ நிக்கறேன். தாளத்த ஸ்வல்ப ஆட்டிக்கிட்டே வாங்க, அஷ்டே, அவ்ளோதான்."

"தாளத்த ஆட்டுனா மாப்ள ஊட்டுக்காரங்க அடிப்பாங்கம்மா."

"அடிக்க மாட்டாங்கண்ணா, ஆடுவாங்க."

அடுத்த ஊர்வலத்தில், அக்ரஹாரம் திருப்பத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் கைத்தடியை யாரிடமோ கொடுத்துவிட்டு ஆடத் தொடங்கினார். அவர் உட்காரும் வரை ஊர்வலம் நகரவில்லை. முகூர்த்தம் தப்பிவிடும் என்று புரோகிதர் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஜடையன் யாரோடு பேசினாலும், "எங்க செட்டு ஆட்டிக்கிட்டு வாசிக்கற செட்டுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்கும் அவளைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். எந்தப் பாட்டின் எந்த இடத்தில் இருந்தாலும் புரோகிதர் விரலை உயர்த்திய நொடியில் எல்லோரும் அதை விட்டுவிட்டு முழக்க வேண்டும். தாரணி அந்த விரலைத் தவறவிட்டதே இல்லை. ஜடையன் ஆச்சரியப்பட்டபோது, "ஊதறது பாதிப் படிப்புத்தாண்ணா. அடுத்தவங்க எப்ப என்ன பண்ணுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கறது மீதிப் பாதி" என்றாள்.

போதாததற்கு ரேடியோ விளம்பரம். ஒரு ஊதுபத்திக் கம்பெனிக்காக அவள் போட்ட மெட்டு மைசூர் வட்டாரம் முழுக்கக் கேட்கிறது. கடைசியில் டிராம்போன் ஒரு இழுப்பு இழுத்து, புகை மேலே போவது மாதிரி வளைந்து அடங்கும். சனிக்கிழமை சாயங்காலம் சாமுண்டி மலை அடிவாரத்தில் ஒரு ஓட்டல் தோட்டத்தில் வாசிக்கிறாள். பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் கித்தார் வாசிக்க, ஜடையன் செட்டின் டிரம்காரர் தாளம் பிடிக்க, யோகா கற்க வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் புல்தரையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். படித்த படிப்பை அப்படியே வாசிக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து திரும்பும்போது மொபெட்டை அவள் ஓட்டுவதில்லை, அதுவே வீட்டுக்கு வந்து சேர்கிறது.

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவே ஒரே ஒரு உறுத்தல். அப்பா ஜாஸ் என்ற சொல்லை ஒருதடவைகூடச் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளேயே அவருக்கு அது 'உன் வேலை'தான். ஒரு நாளும் வாசித்துக் காட்டு என்று கேட்டதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கினால் அவர் எதையோ தேடுகிறவர் போலத் திரும்பிக்கொள்வார். அவளுக்குக் கோபம் வராது. வருத்தம் வரும். அது கோபத்தைவிட மோசம்.

"அப்பா, யார்கிட்டயாவது ஒரே ஒரு தடவை சொல்லுங்க. என்ன படிச்சேன்னு."

"சொல்லலாம் கண்ணு. இப்ப என்ன அவசரம்."

அவசரம் கருப்புசாமி மாமாவின் உருவத்தில் வந்தது. கொள்ளேகாலையும் சேர்த்துக்கொண்டு சாமராஜநகர் தனி மாவட்டமான புதிது. கொள்ளேகாலில் எல்லோருக்கும் எதையாவது புதிதாகத் தொடங்க வேண்டும் என்ற வேகம். கருப்புசாமி நூல் கடைக்கு மேலே இரண்டு அறையை வெள்ளையடித்து ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் வைத்துவிட்டார். திறந்துவைக்கத் தங்கை மகள் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? மைசூருக்கே வந்து, தாம்பாளத்தில் பழமும் பூவும் கொள்ளேகால் பட்டுச் சேலையும் வைத்து அழைத்துவிட்டுப் போனார். சென்னிமலை தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்?

அவர் போனதும் வீட்டில் மூன்று பேரும் அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வெளக்குத்தான ஏத்தப் போறா. அதுக்குப் படிப்பு எதுக்கு?" என்றாள் நாச்சம்மாள். "எங்கண்ணன் மொகத்துல நான் முழிக்க வேண்டாமா?"

"நான் வரேம்மா. வெளக்கும் ஏத்தறேன்" என்றாள் தாரணி. அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஆனா பொய் சொல்ல மாட்டேன். யாராவது என்ன படிச்சேன்னு கேட்டா நீங்கதான் சொல்லணும். கம்ப்யூட்டர்னு சொன்னாலும் சரி, நான் வாயத் தொறக்க மாட்டேன். உங்க இஷ்டம்."

அந்த வாரம் முழுக்கச் சென்னிமலை சோற்றில் கைவைத்துக்கொண்டு யோசித்ததை நாச்சம்மாள் பார்த்தாள்.

திறப்பு விழா அன்றைக்கே சாயங்காலம் கொள்ளேகாலில் ஜடையன் செட்டு வாசிக்க ஒரு கல்யாண வரவேற்பு இருந்ததால் தாரணி டிராம்போனையும் கூடவே எடுத்துக்கொண்டாள். பட்டுச் சேலையும் முதுகில் பெட்டியுமாக அவள் பஸ் ஏறியதைப் பார்த்துக் கண்டக்டர் கோயில் உற்சவமா என்று கேட்டார். நரசிபுரம் தாண்டும் வரை சென்னிமலை ஜன்னல் வழியாகக் கரும்பு வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நூல் கடை மாடியில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கம்ப்யூட்டர்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். செருப்பை எல்லாம் படிக்குக் கீழேயே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. முன்வரிசையில் சாமராஜநகரில் இருந்து வந்த கன்னட அதிகாரி, அவர் பக்கத்தில் கருப்புசாமி, ஓரத்தில் சென்னிமலையும் நாச்சம்மாளும். தாரணி குத்துவிளக்கை ஏற்றினாள். கைதட்டினார்கள். இதோடு முடிந்தால் தேவலை என்று அவள் நினைத்தபோது கருப்புசாமி எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"அமெரிக்காவுல கம்ப்யூட்டர் படிச்ச நம்ம புள்ள தாரணி, வர்ற திங்கக்கெழமையில இருந்து இந்த நெலையத்துக்கு பிரின்சிபாலா இருந்து நடத்தப் போவுதுங்க. இனி கண்ட கண்ட வேலைக்கும் அலைய வேண்டியதில்ல. இது மாமன் சீர்."

இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. தாரணிக்குச் சரஸ்வதிபுரத்துப் பிள்ளைகள், ஜடையன், சனிக்கிழமைத் தோட்டம் எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. அதிகாரிக்குச் சந்தோஷம். உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"ஒள்ளேதம்மா. அமெரிக்காதல்லி யாவ ஸப்ஜெக்ட்டு தகொண்ட்ரி?"

எந்தப் பாடம் எடுத்துப் படித்தாய் என்று கேட்கிறார். கருப்புசாமி மைக்கைத் தாரணியிடம் நீட்டினார். கூட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள், ஆனால் பேசவில்லை. இரண்டு எட்டு நடந்து ஓர நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, அதை அப்பாவிடம் நீட்டினாள்.

சென்னிமலை மைக் பிடித்துப் பழக்கமில்லாதவர். கொத்துக் கரண்டியைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதில் அவர் மூச்சுத்தான் முதலில் கேட்டது.

"என் புள்ள படிச்சது கம்ப்யூட்டர் இல்லீங்க. நாந்தான் அப்படிச் சொல்லிப்போட்டேன். அவ ஒரு நாளும் சொன்னதில்ல." மறுபடியும் ஒரு மூச்சு. "ஜாஸுன்னு ஒரு சங்கீதமுங்க. அதத்தான் படிச்சா. பட்டம் வாங்கியிருக்கறா."

கருப்புசாமியின் முகம் சுருங்கியது. "ஏன் மாப்ள, அதப் படிச்சா என்ன வேலைதான் கெடைக்கும்?" என்றார். மைக் இல்லாமலே அது தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏன் கெடைக்காது மச்சான்?" என்றார் சென்னிமலை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "ஊடு ஊடாப் போய்ப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறா. ஜடையன் செட்டுல முன்னால நிக்கறதே இவதான், மைசூருல பாதிக் கல்யாணம் இவ ஊதித்தான் நடக்குது. புது ஊட்டுக்குப் பால் காச்சறதுக்கும் கூப்புடறாங்க. ரேடியோவுல ஊதுபத்தி வெளம்பரம் வருதுல்லீங்க, கடைசில ஒரு இழுப்பு வரும், அது இவளுது. சனிக்கெழமை ஓட்டல்ல வாசிக்கறா. முடிச்சதும் வெள்ளக்காரங்க பூராவும் எந்திரிச்சு நின்னு கை தட்டறாங்க."

தாரணிக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டுவதை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு சனிக்கிழமை, தோட்டத்து வேலிக்கு வெளியே எங்கோ, அப்பா நின்று பார்த்திருக்கிறார்.

"நில்லு நில்லு மாப்ள" என்றார் கருப்புசாமி. "அந்த ஊதுபத்தி வெளம்பரம் நம்ம புள்ளையா?"

"ஆமாங்க."

"எங்க கடை ரேடியோவுல பொழுதுக்கும் கேக்கறேனே. அது வந்தாத்தான் கணக்குப்புள்ளையே எந்திரிச்சு டீக்குப் போறான்." அவர் தாரணியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சுருங்கியிருந்த முகம் விரிய வழி தேடியது. "பிரின்சிபாலுக்கு பெங்களூர்ல இருந்து ஆளு கூட்டியாந்துக்கலாம், அது கெடக்கட்டும். பொட்டியில வெச்சுருக்கறது அதுதான? எடு சாமி. இங்கயே கேப்போம்."

அதிகாரியும் ஆமாம் ஆமாம் என்று கைதட்டினார். நாச்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சேலை கசங்காமல் எடுக்கச் சொல்லி மகளுக்குச் சைகை காட்டினாள். தாரணி விளக்குக்குப் பக்கத்தில் நின்று குழலை எடுத்துப் பொருத்தத் தொடங்கினாள். முன்வரிசைக்காரர்கள் ஆர்வத்தில் நாற்காலிகளை அவளை நோக்கி நகர்த்திக்கொண்டார்கள்.

சென்னிமலை மைக்கைக் கருப்புசாமியின் கையில் திணித்துவிட்டு அங்கே ஓடிவந்தார்.

"சார், ஸ்வல்ப எந்திரிங்க. மச்சான், நீங்களுந்தான்."

அதிகாரியும் கருப்புசாமியும் ஒன்றும் புரியாமல் எழுந்தார்கள். சென்னிமலை நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் வைத்தார். பிறகு மகள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, குழாயை முழுக்கத் தள்ளுகிறவர் போல முழங்கை மடங்காமல் தன் வலது கையை முன்னே நீட்டிப் பார்த்தார். நீட்டிய விரல் நுனியில் இருந்து நாற்காலி வரைக்கும் கண்ணால் அளந்தார். போதவில்லை. திரும்பிப் போய், அதிகாரியின் நாற்காலியை மட்டும் இன்னும் ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டார்.